திருச்சியிலிருந்து சிங்கப்பூர்: 2,980 கிலோமீட்டர் என்றால் எத்தனை மணி நேரப் பயணம்?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அறுபதைத் தாண்டிய அவருடைய அம்மா, மகளின் பிரசவத்துக்காக முதல் முறையாகத் தனியாகச் சிங்கப்பூர் போகிறார். “திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவு தூரம்? ஓர் இடத்தில் மூணே முக்கால் மணி நேரம் என்று போட்டிருக்கிறது. டிக்கெட்டில் 4 மணி 10 நிமிடம் என்று இருக்கிறது. ஏறுகிற நேரம் 14-ஆம் தேதி 00:50, இறங்குகிற நேரம் 07:30. கழித்துப் பார்த்தால் 6 மணி 40 நிமிடம் வருகிறது. எது சரி? சென்னை போய் ஏறினால் சீக்கிரம் ஆகுமா? வீட்டிலிருந்து எப்போது கிளம்புவது?”

மூன்று கணக்கும் சரிதான். முதலாவது, விமானம் ஆகாயத்தில் இருக்கும் நேரம். இரண்டாவது, திருச்சியில் கதவைச் சாத்தி நகர ஆரம்பித்ததிலிருந்து சாங்கி விமான நிலையத்தில் வந்து நிற்கும் வரை. மூன்றாவதில் இரண்டு நாட்டுக் கடிகார வித்தியாசமும் கலந்துவிட்டது. அம்மாவை அனுப்பி வைக்கிற உங்களுக்கு இவற்றைவிட முக்கியம், உங்கள் வீட்டு வாசலிலிருந்து மகள் வீட்டு வாசல் வரை ஆகும் நேரம். அது ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலே. நான் கும்பகோணத்தில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன். முதல் முறை போகிறவர்களை இந்தக் கணக்கைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தூரம். திருச்சி விமான நிலையத்திலிருந்து சாங்கிக்கு நேர்கோட்டில் சுமார் 2,980 கி.மீ. நேர்கோடு என்றால் உலக உருண்டைமேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய வழி. அந்தக் கோட்டை வரைந்து பார்த்தால் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது. திருச்சியில் புறப்படும் கோடு மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் புகுந்து, திருத்துறைப்பூண்டிக்குச் சற்றுத் தெற்கே போய், வேதாரண்யத்தில் கரையைத் தாண்டுகிறது. அதாவது டெல்டாவை மேற்கிலிருந்து கிழக்காக முழுசாகக் கடக்கிறது. அப்புறம் வங்காள விரிகுடா. நிக்கோபார் தீவுகளைத் தெற்கில் சுற்றி, சுமத்ராவின் வடக்கே ஆச்சே, மேடான் நகரத்துப் பக்கம், மலாக்கா நீரிணை, சிங்கப்பூர். விமானம் இந்தக் கோட்டிலேயே அச்சுப் பிசகாமல் பறக்காது. வானிலும் குறிக்கப்பட்ட தடங்கள் உண்டு, கட்டுப்பாட்டு அறை சொல்லும் வழியில்தான் போக வேண்டும், மேகக் கூட்டம் இருந்தால் விலகிப் போவார்கள். அதனால் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

இனி நேரம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் போவது ஏர்பஸ் ஏ320, போயிங் 737 மாதிரியான, நடுவில் ஒரே நடைபாதை உள்ள விமானங்கள். திருச்சி ஓடுபாதையின் நீளம் 2,480 மீட்டர், இந்த அளவு விமானங்களுக்கு அது போதும். இவை பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 830 கி.மீ. வாக்கில் போகும். 2,980-ஐ 830-ஆல் வகுத்தால் மூணரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆனால் அந்த வேகம் தரையிலிருந்தே கிடைத்துவிடாது. மேலே ஏறி முடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். இறங்குவதையும் சிங்கப்பூருக்கு 200 கி.மீ. முன்னாலேயே வேகத்தைக் குறைத்துத் தொடங்கிவிடுவார்கள். அதோடு ஓடுபாதைக்கு நகர்ந்து போவது, வரிசையில் நிற்பது, சாங்கி மாதிரி பரபரப்பான இடத்தில் முறை வரும்வரை வானத்தில் காத்திருப்பது, இறங்கிய பிறகு நிறுத்துமிடம் வரை ஊர்ந்து வருவது. இதெல்லாம் சேர்ந்துதான் நாலேகால் மணியை ஒட்டி டிக்கெட்டில் வருகிறது. நேரத்துக்கு வந்து சேர்ந்தது என்ற பெயர் கெடாமல் இருக்க, விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே போடுவதும் உண்டு. பத்து நிமிடம் முன்னதாகவே இறங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இந்த ஏறி இறங்கும் செலவு தூரம் குறைந்தாலும் குறையாது. திருச்சியிலிருந்து கொழும்பு சுமார் 420 கி.மீ.தான். வகுத்துப் பார்த்தால் அரை மணி நேரம். ஆனால் டிக்கெட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போட்டிருக்கும். வரைபடத்தில் தூரத்தைப் பார்த்து நேரத்தை ஊகிக்கிறவர்கள் தடுமாறுவது இதில்தான்.

காற்றும் ஒரு காரணம். ஆடி மாதத்தில் டெல்டாவில் தரையில் காற்று மேற்கிலிருந்து வீசுவது நமக்குத் தெரியும். அதே மாதத்தில் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேலே தென்னிந்தியாவின் தலைக்கு மேல் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்காக வேகமாக ஓடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இது இருக்கும். விமானம் பறக்கும் உயரத்திலும் அதன் வேகம் தெரியும். அதனால் அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது துணைக்காற்று. பத்து, பதினைந்து நிமிடம் அப்படி இப்படி ஆகும், அவ்வளவுதான்.

சரி, 6 மணி 40 நிமிடத்துக்கு வருவோம். டிக்கெட்டில் எந்த ஊரின் நேரம் போட்டிருக்கிறதோ, அது அந்த ஊரின் கடிகாரப்படிதான் இருக்கும். 00:50 என்பது திருச்சி நேரம். 07:30 என்பது சிங்கப்பூர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே 07:30 ஆகும்போது மன்னார்குடியில் காலை 5 மணி. 00:50-லிருந்து 05:00 வரை 4 மணி 10 நிமிடம். கணக்கு முடிந்தது. திரும்பி வரும்போது இதே வித்தியாசம் எதிர்ப்பக்கம் வேலை செய்யும். இரவு 9 மணிக்கு அங்கே கிளம்பி 10:40-க்குத் திருச்சி என்று போட்டிருந்தால், 1 மணி 40 நிமிடத்தில் வந்துவிடுகிறது என்று நினைக்கக் கூடாது. இரண்டரையைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதே 4 மணி 10 நிமிடம்தான்.

துபாய்க்கும் திருச்சியிலிருந்து கிட்டத்தட்ட இதே தூரம்தான், சுமார் 2,940 கி.மீ. ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. துபாய்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அதனால் ஒரே மாதிரி தூரமாக இருந்தும், டிக்கெட்டை மேலோட்டமாகப் பார்த்தால் சிங்கப்பூர் ஏழு மணி நேரம் போலவும் துபாய் மூன்று மணி நேரத்துக்குக் குறைவு போலவும் தெரியும்.

கூத்தாநல்லூர், நாகூர்ப் பக்கம் வயதானவர்கள் சிலர் “சிங்கப்பூருக்கும் நமக்கும் இரண்டு மணி நேரம்தானே வித்தியாசம்” என்பார்கள். அவர்கள் அங்கே இருந்த காலத்தில் அதுதான் சரி. மலேசியா தன் தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. சூரியனை வைத்துப் பார்த்தால் அந்த ஊருக்கு அது கொஞ்சம் அதிகப்படி. அதனால்தான் அங்கே காலை ஏழு மணி சுமாருக்குத்தான் பொழுது விடிகிறது. உங்கள் அம்மா இறங்கி வெளியே வரும்போது, நம் ஊரில் ஏழு, ஏழரை மணிக்கு அடிக்கிற வெயில்தான் அங்கே இருக்கும். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், முதல் நாள் எந்த நேரத்துக்கு எடுப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கைப்பையில் வைத்துவிடுங்கள். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் இது கட்டாயம்.

அடுத்து நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம், தேதி. உங்கள் டிக்கெட்டில் 14-ஆம் தேதி 00:50 என்று இருக்கிறது. இதற்கு நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 13-ஆம் தேதி சாயங்காலம். நம் பேச்சு வழக்கில் இரவு பன்னிரண்டே முக்கால் என்பது அன்றைய ராத்திரியோடு சேர்த்தி. டிக்கெட்டிலோ நள்ளிரவு தாண்டினால் அடுத்த நாள். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் இப்படித்தான் டிக்கெட்டில் உள்ள தேதியன்று ராத்திரி பத்து மணிக்கு வேன் வைத்துக்கொண்டு வந்து இறங்கியது. மாலை, பூ, வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் என்று பதினைந்து பேர். வாசலில் காவலுக்கு நின்றவர் டிக்கெட்டைப் பார்த்து, “இந்த விமானம் நேற்று ராத்திரியே போயிடுச்சும்மா” என்றார். அந்த அம்மா டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பணம் திரும்பவில்லை, புது டிக்கெட் மூன்று மடங்கு விலை. அதிலிருந்து நள்ளிரவு டிக்கெட் போட்டால், தாளின் மேலேயே பேனாவால் “13-ஆம் தேதி, மாலை 6:30 மணிக்கு வீட்டில் கிளம்பவும்” என்று பெரிதாக எழுதிக் கொடுக்கிறேன். நீங்களும் காலண்டரில் 14-ஐ அல்ல, 13-ஐ வட்டம் போடுங்கள்.

ஆறரை எப்படி வந்தது? சர்வதேச விமானத்துக்குக் கவுன்டரைப் பொதுவாக மூன்று மணி நேரம் முன்பு திறந்து, ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடுவார்கள். மூடிய பிறகு யார் சொன்னாலும் திறக்க மாட்டார்கள். ஆக, ஒன்பதரை மணிக்குள் விமான நிலைய வாசலில் இருப்பது நல்லது. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சி விமான நிலையம் 95 கி.மீ. அளவு. சாலை காலியாக இருந்தால் இரண்டு மணி நேரம். உங்கள் கிராமத்திலிருந்து மன்னார்குடி வருவதையும், தஞ்சாவூர் நெரிசலையும் சேர்த்தால் இரண்டரை. முகூர்த்த நாள் என்றால் இன்னொரு அரை மணி. தஞ்சாவூரைத் தாண்டி வல்லம், செங்கிப்பட்டி வரை வண்டி நன்றாக ஓடும். திருவெறும்பூர் வழியாகத் திருச்சிக்குள் நுழைந்தால் சாயங்காலம் மாட்டிக்கொள்வீர்கள். துவாக்குடியில் பிரிந்து புதுக்கோட்டைச் சாலையில் மாத்தூருக்குப் போகும் அரைவட்டச் சாலையைப் பிடித்தால் ஊருக்குள் போகாமலே விமான நிலையம் போய்விடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் சாலைகளில் தண்ணீர் நிற்கும். அப்போது இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினத்திலிருந்து வருகிறவர்கள் எப்போதுமே மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

திருச்சியில் 2024 ஜூன் மாதத்திலிருந்து புதிய முனையம் இயங்குகிறது. உச்ச நேரத்தில் 3,500 பேரைத் தாங்கும்படி கட்டியது. பழைய கட்டடத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனாலும் நள்ளிரவை ஒட்டி இரண்டு மூன்று விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்பினால் குடியேற்றச் சோதனையில் வரிசை நீளும். உங்களை உள்ளே விட மாட்டார்கள், அம்மா வாசலிலிருந்து தனியாகத்தான் போக வேண்டும். சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே பதிவு செய்துவிட்டால், கவுன்டரிலிருந்து விமானம் வரை ஒருவர் கூடவே வருவார், சாங்கியிலும் வருவார். நடக்க முடிகிறவர்தானே என்று யோசிக்காதீர்கள். சாங்கியில் நடக்கும் தூரம் அதிகம். மூட்டு வலி உள்ளவருக்கு இது மிகப் பெரிய உதவி.

பெட்டியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நேரம் போவது அங்கேதான். பிரசவத்துக்குப் போகிற அம்மா வெறுங்கையோடு போக மாட்டார். காயப்பொடி, நல்லெண்ணெய், இடித்த மாவு எல்லாம் இருக்கும். வீட்டிலேயே எடை பார்த்துக் கட்டுங்கள். கவுன்டரில் இரண்டு கிலோ கூடி, தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து, எதை எடுப்பது என்று தவிக்கும்போது அரை மணி நேரம் ஓடிவிடும். கொப்பரைத் தேங்காய் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பசை உள்ளது, எளிதில் தீப்பிடிக்கும் என்று எடுத்து வைத்துவிடுவார்கள். எண்ணெய், நெய் எதுவும் கைப்பையில் வேண்டாம். இறைச்சி சேர்ந்த எதையும் சிங்கப்பூருக்குக் கொண்டு போக வேண்டாம்.

சென்னை போய் ஏறலாமா? சென்னையிலிருந்து சாங்கி சுமார் 2,920 கி.மீ. திருச்சியைவிட 60 கி.மீ. குறைவு, வானத்தில் நாலு நிமிடம் மிச்சம். அந்த நாலு நிமிடத்துக்காக உங்கள் ஊரிலிருந்து காரில் ஆறு, ஏழு மணி நேரம் போக வேண்டும், இல்லையென்றால் ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும். சென்னையில் பெரிய விமானம் கிடைக்கலாம். அவை கொஞ்சம் வேகமானவை, இந்தத் தூரத்துக்குக் கால் மணி நேரம் மிஞ்சும். பகல் நேர விமானமும் கிடைக்கும், சில சமயம் டிக்கெட்டும் மலிவாக இருக்கும். சீர்காழிக்கு வடக்கே இருப்பவர்கள் சென்னையை யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கும்பகோணம், தஞ்சாவூருக்கு என் பதில் திருச்சிதான்.

இன்னொரு சபலம், மாறிப் போகும் டிக்கெட். விலை குறைவாக இருக்கும். கோலாலம்பூர் வழியாகப் போவதைப் பாருங்கள். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் சுமார் 2,690 கி.மீ. அங்கிருந்து சாங்கி 300 கி.மீ.க்குள். கூட்டினால் நேர் வழியைவிடப் பத்து கிலோமீட்டர்கூட அதிகமில்லை. கோலாலம்பூர் அந்தக் கோட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. தூரம் அதே, ஆனால் நேரம் இரட்டிப்பு. இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறி, எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. கொழும்பு வழியும் அப்படித்தான். தூரம் இருநூறு கிலோமீட்டருக்குள்தான் கூடும், காத்திருப்பில்தான் பொழுது போகும். இளைஞர்கள் காசை மிச்சம் பிடிக்க அப்படிப் போகட்டும். முதல் முறை தனியாகப் போகிற தாயை, எந்த வாயிலில் அடுத்த விமானம் என்று ஆங்கிலத்தில் அறிவிக்கும் இடத்தில் நிறுத்த வேண்டாம். நாலாயிரம், ஐயாயிரம் கூடினாலும் நேர் விமானமே போடுங்கள்.

நம் தாத்தாக்கள் இதே வழியை நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனார்கள். 1926-இல் கட்டிய கப்பல் அது, 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதற்குப் பிறகு சிதம்பரம் கப்பல். பினாங்கு தொட்டு, கிள்ளான் துறைமுகம் தொட்டு, சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பயணத்தில் கடிகாரம் நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்தது, உடம்புக்கும் பழகிக்கொள்ள நேரம் இருந்தது. இப்போது இரண்டரை மணி நேரம் ஒரே ராத்திரியில் போய்விடுகிறது, அதுவும் தூக்கம் கெட்ட ராத்திரி. போய்ச் சேர்ந்த முதல் நாள் அம்மாவை அடுப்படிக்கு அனுப்பாமல் படுக்க வையுங்கள் என்று அங்கே சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூர்ப் பக்கம் சுருக்கம். விசா முன்னாலேயே எடுத்திருப்பீர்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்ல வேண்டும். அதோடு, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்னும் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், அதற்குப் பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள். மகளின் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதிக் கொடுங்கள். குடியேற்றம், பெட்டி எல்லாம் முடித்து வெளியே வர முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். சாங்கி தீவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. மகள் ஜூரோங் பக்கம் இருந்தால் அது மேற்குக் கோடி, நாற்பது கிலோமீட்டர் வாக்கில். டாக்சியில் முக்கால் மணி, ரயிலில் ஒன்றே கால் மணிக்கு மேல். காலை நெரிசலில் இன்னும் கூடும்.

இப்போது முழுக்கக் கூட்டுங்கள். 13-ஆம் தேதி மாலை ஆறரைக்கு வீட்டில் கிளம்புகிறார். மறுநாள் சிங்கப்பூர் நேரம் ஒன்பதரைக்கு மகள் வீட்டில். அது நம் நேரம் காலை ஏழு. மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம், அதில் ஆகாயத்தில் இருப்பது மூணே முக்கால். வழியில் சாப்பிட, தஞ்சாவூர் தாண்டி எட்டு மணி சுமாருக்கு வண்டியை நிறுத்திக்கொள்ளுங்கள். மலிவு விலை விமானங்களில் சாப்பாடு தனியாகக் காசு கொடுத்தால்தான், அதுவும் அவர் சாப்பிடுகிற மாதிரி இருக்காது. இட்லியைப் பொட்டலம் கட்டிக் கைப்பையில் கொடுத்துவிட்டாலும் சரிதான், ஆனால் விமானத்திலேயே சாப்பிட்டு முடித்துவிடச் சொல்லுங்கள். சட்னி வேண்டாம், மிளகாய்ப்பொடி தடவிக் கொடுங்கள். தண்ணீர்ப் பாட்டிலைச் சோதனையில் வாங்கி வைத்துவிடுவார்கள், காலி பாட்டிலாகக் கொடுத்தால் உள்ளே போய் நிரப்பிக்கொள்ளலாம்.

திரும்பி வரும்போது கூப்பிடப் போகிறவருக்கும் இதே மாதிரி நேரக் கணக்கு உண்டு. இரவு பத்தே முக்கால் மணிக்கு இறங்கினால் அம்மா வெளியே வர பதினொன்றரை, பன்னிரண்டு ஆகும். மன்னார்குடி திரும்ப விடிகாலை இரண்டரை. ஓட்டுநரை அன்று பகலில் தூங்கச் சொல்லுங்கள். விமானம் சிங்கப்பூரில் கிளம்பிவிட்டதா என்று மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கழித்து நீங்கள் வீட்டிலிருந்து கிளம்பினாலே போதும்.